வெறும் பேணி வாங்காத மனிதர்

சொன்ன சலாமுக்குப் பதில் வருவதற்குள் கச்சிமுகம்மதுவின் பெருவிரல் எதிரே நிற்பவரின் கண்ணுக்குக் கீழே போய்விடும். கீழிமையை மெல்ல இழுத்து, தலையைச் சற்றுச் சரித்து, உள்ளே தெரியும் தசையின் நிறத்தைப் பார்ப்பார். "கொய்யா" என்பார். அல்லது "ஜம்பு" என்பார். அதற்குப் பிறகுதான் பிள்ளைகுட்டிகளின் சுகம் விசாரிப்பார்.

மனித இரத்தத்துக்கு அவரிடம் நான்கு பழங்கள் உண்டு. நல்ல இரத்தம் வத்தகப்பழம், தர்ப்பூசணிச் சிவப்பு. பரவாயில்லாதது கொய்யா. கவலைக்குரியது வெளிறிய ஜம்பு. கடைசி நுங்கு. நுங்கு என்று சொல்லும்போது மட்டும் அவர் குரலைத் தாழ்த்துவார்.

பெண்களைத் தொடமாட்டார். வேலிக்கு வெளியே நான்கு முழம் தள்ளி நின்று, "நீங்களே இழுத்துப் புடிங்க புள்ள" என்பார். அந்தத் தூரத்திலிருந்தே பழத்தைச் சொல்லிவிடுவார். விரலில் குத்தி இரத்தம் எடுக்க வேண்டியிருந்தால் பஞ்சுக்கு மேலால் விரலைப் பிடிப்பார். "ஒரு எறும்பு, ஒரேயொரு எறும்பு" என்று சொல்லி முடிப்பதற்குள் துளி கண்ணாடியில் விழுந்திருக்கும்.

ஒருமுறை சாய்ந்தமருதில் ஒரு கலியாண வீட்டில் எல்லாரும் மாப்பிள்ளையின் கையைப் பற்றி வாழ்த்திக்கொண்டிருந்தார்கள். இவருடைய முறை வந்தது. கையை விட்டுவிட்டு இமையை இழுத்தார். சபை முழுவதும் கேட்கும்படி, "ஜம்பு. மாப்பிள்ளைக்கு ரெண்டு கிழமைக்கு முருங்க இலை குடுங்க" என்றார். பெண் வீட்டார் தங்கள் அடுத்த இரண்டு கலியாணங்களுக்கும் அவருக்குச் சொல்லவில்லை. "சொல்லாட்டி என்ன, பொடியன் இப்ப கொய்யா" என்கிறார் கச்சிமுகம்மது.

அவருக்கு வயது நாற்பத்தெட்டு. கல்முனைக்கும் மருதமுனைக்கும் மேற்கே உள்ள வயல் வட்டைகளுக்கும் சைக்கிளில் போய், காய்ச்சல்காரர்களின் இரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் பூசிக்கொண்டு வருவது தொழில். பத்தொன்பது வருடங்களாக அவருடைய நியமனத்துக்கு முன்னால் 'தற்காலிக' என்ற சொல் இருக்கிறது. அந்தச் சொல்லைத் தவிர அந்த அலுவலகத்தில் நிரந்தரமாக வேறொன்றையும் நான் காணவில்லை.

நான் அவரோடு சேர்ந்தது தொண்ணூற்று நான்கில். கொழும்பிலிருந்து ஒரு பேராசிரியர் ஓர் ஆய்வோடு வந்திருந்தார். 'மலேரியா நோயாளரின் குருதிச்சோகையில் குடற்புழுக்களின் செல்வாக்கு' என்பது அதன் தலைப்பு. என்னுடைய பட்டம் புவியியலில். ஆனாலும் பட்டதாரி என்பதால் தரவு சேகரிக்க எடுத்தார்கள். எங்கள் குடும்பத்தில் பட்டமளிப்பு அங்கியோடு படம் பிடித்த முதல் ஆள் நான். அந்தப் படம் சுவரில் தொங்க, நான் மூடியுள்ள சிறிய தகரப் பேணிகளில் ஆட்களின் பெயரும் வயதும் எழுதிக்கொண்டிருந்தேன். பேணிக்குள் என்ன வரவேண்டும் என்பதை உம்மா அயலுக்குச் சொல்வதில்லை. "மகன் ஆராய்ச்சி" என்பதோடு நிறுத்திக்கொள்வார்.

ஆய்வுத் தலைப்பை நான் கச்சிமுகம்மதுவுக்குப் படித்துக் காட்டினேன். "மலேரியா ரத்தத்த உடைக்குது. புழு ரத்தத்தக் குடிக்குது. ரெண்டு பேரும் ஒரே ஊட்டுல இருந்தா சட்டியில என்ன மிஞ்சும் எண்டு பாக்கிறாங்க. அவ்வளவுதானே?" என்றார். பேராசிரியரின் முன்னுரை பதினான்கு பக்கம். இரண்டையும் வாசித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், பதினான்கு பக்கத்திலும் இதைவிட அதிகமாக ஒன்றும் இருக்கவில்லை.

பேணிகள் சேர்ந்த சைக்கிளுக்கு ஊரில் ஒரு தனி மரியாதை உண்டாயிற்று. காவலரணில் புதிதாக வந்த சிப்பாய் ஒருவன் பெட்டியைத் தட்டி, "மொனவத மே?", இதெல்லாம் என்ன, என்று கேட்டான். கச்சிமுகம்மதுவுக்குச் சிங்களம் ஆறு சொற்கள் தெரியும். அந்த ஆறில் இதற்கான விடை இல்லை. ஆகவே ஒரு பேணியின் மூடியைத் திறந்து காட்டினார். அன்றிலிருந்து, அடையாள அட்டையை இரண்டு பக்கமும் புரட்டிப் பார்க்கும் அந்தச் சந்தியில், தூரத்திலேயே கையசைத்துப் போகச் சொல்லப்படும் ஒரே வாகனம் அவருடையதுதான். பள்ளிவாசலில் மட்டும் கெடுபிடி கூடியது. மலம் நஜீஸ், அசுத்தம்; அதை ஏற்றிய சைக்கிளை நாற்பது அடி தள்ளி நிறுத்த வேண்டும் என்றார்கள். அவர் நாற்பத்தைந்து அடி தள்ளி நிறுத்துவார். "அஞ்சு அடி என்ட ஹதியா" என்பார், அன்பளிப்புக் கொடுப்பவர்போல.

முதல் வாரம் முப்பது பேணி கொடுத்தோம். இருபத்திரண்டு வெறுமையாகத் திரும்பின. தங்கள் வீட்டுப் பெண்பிள்ளையின் பெயரை எழுதி, அந்நிய ஆண்கள் கண்ணாடி வைத்துப் பார்ப்பதற்கு இப்படி ஒரு பொருளைக் கொடுப்பதா என்று வாசலிலேயே கதவைச் சாத்தினார்கள். நான் ஆய்வின் முக்கியத்துவத்தை விளக்கினேன். அதற்குப் பிறகு கதவுகள் இன்னும் விரைவாகச் சாத்தப்பட்டன.

கச்சிமுகம்மது வேறு வழி பிடித்தார். எங்கள் ஊர்களில் ஒரு வீட்டிலிருந்து பலகாரம் வந்த பீங்கானை வெறுமையாகத் திருப்பி அனுப்புவதில்லை. ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு பிடி சீனியாவது போட்டு அனுப்புவார்கள். அவர் பேணியோடு ஒரு பிஸ்கட் பக்கெட்டையும் வைத்து நீட்டினார். "ராத்தா, நான் ஒண்டும் சொல்லல்ல. உங்கட ஊட்டுல வெறும் பீங்கான் திருப்பிக் குடுக்கிற வழக்கம் இருந்தா இதையும் வெறுமையாத் தாங்க" என்றார்.

அதன் பிறகு ஒரு பேணியும் வெறுமையாக வரவில்லை. இரண்டு மாதம், நூற்று நாற்பது நோயாளர், ஒரு வெறும் பேணி கிடையாது. பேராசிரியர் அவருடைய முதுகில் தட்டி, அவருடைய நியமனம் பற்றி மேலிடத்துக்குத் தாமே கடிதம் எழுதுவதாகச் சொன்னார். கச்சிமுகம்மது அன்று முழுவதும் யாருடைய கண்ணையும் இழுக்காமல் நடந்தார்.

நான் வண்ணப் பென்சில்களால் அட்டவணை வரைந்தேன். விநோதமான அட்டவணை. புழு உள்ள மலேரியா நோயாளருக்கு இரத்தம் ஓரளவு இருந்தது. புழு இல்லாதவர்களுக்குத்தான் இரத்தம் குறைந்து கிடந்தது. பேராசிரியர் அதை நெடுநேரம் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். குடற்புழு மலேரியா நோயாளியின் குருதியைக் காக்கிறது என்று தாம் ஒரு வெளிநாட்டு மாநாட்டில் வாசிக்கப்போவதாகச் சொன்னார். கண்டுபிடிப்பு ஒன்றின் அருகில் நிற்கிறேன் என்று எனக்கும் நெஞ்சு விரிந்தது. அதைக் கச்சிமுகம்மதுவிடம் சொன்னேன். அவர் என் இமையை இழுத்துப் பார்த்தார். "நல்லாத்தான் இரிக்கி" என்றார், ஏதோ எனக்குக் காய்ச்சல் இல்லை என்று உறுதிசெய்பவர்போல.

அவருடைய கவலை முழுவதும் மருதமுனையில் ஒரு நெசவுக்காரப் பிள்ளையின் மேல் இருந்தது. பெயர் அப்னா. வயது பதினேழு. அறுவடைக் காலத்தில் குடும்பத்தோடு வட்டையில் வாடி என்னும் குடிசை போட்டு வெறுங்காலோடு ஒரு மாதம் இருந்துவிட்டு வந்தவள். வந்தபின் இரண்டு தரம் மலேரியா. இரண்டு தரமும் மருந்து குடித்துக் காய்ச்சல் போய்விட்டது. இரத்தம் மட்டும் திரும்பவில்லை. ஈமோகுளோபின் முதலில் ஆறு தசம் ஒன்று. அடுத்த தரம் ஐந்து தசம் நான்கு. ஐந்துக்குக் கீழே இறங்கினால் மட்டக்களப்புக்கு அனுப்பி இரத்தம் ஏற்ற வேண்டும், அதற்கிடையில் மூன்றாவது தரம் காய்ச்சல் வந்தால் தான் பொறுப்பில்லை என்று ஆஸ்பத்திரி டொக்டர் சொல்லிவிட்டார். தறியில் ஒரு சாண் நெய்வதற்குள் அவள் மூன்று தரம் மூச்சு வாங்குவதை வேலிக்கு வெளியே நின்றே கேட்கலாம்.

"நுங்கு" என்றார் கச்சிமுகம்மது தாழ்ந்த குரலில். "தறிக் குழியோரத்தப் பாத்தீங்களா தம்பி? மண்ணச் சுரண்டித் தின்னிரிக்கா. மண்ணுத் தேடுறது புழு இரிக்கிற வயிறு."

அவளுடைய பேணியின் முடிவு என் கோப்பில் இருந்தது. புழு இல்லை. அதையே நான் சொன்னேன்.

"இந்தப் பேப்பர் பொய் சொல்லுது."

"பேப்பர் எப்படிக் காக்கா பொய் சொல்லும்?" என்றேன், அண்ணன் முறையில்.

"எழுதினவனிட்டக் கேளுங்க" என்றார். எழுதியவன் நான்.

அவர் புழு மருந்தை வாங்கிக்கொண்டே போனார். அப்னாவின் தாய் ஹாஜறா தொடவில்லை. "புழு இல்லெண்டு கவுமெண்டே எழுதித் தந்திரிக்கி. மாப்பிள்ள ஊட்டாருக்கும் காட்டியாச்சு" என்றார். நான் கையெழுத்திட்ட அந்தத் துண்டு, அப்னாவின் குணநலன்களோடு சேர்த்துக் கலியாணப் பேச்சில் வைக்கப்பட்டிருந்தது. நற்சான்றிதழ் ஒன்றுக்காக நான் எத்தனையோ கந்தோர்ப் படிகள் ஏறியிருக்கிறேன். நான் கொடுத்தது அதுதான் முதலாவது. மன்றாடி இன்னொரு பேணியை மட்டும் கொடுத்துவிட்டு வந்தார் கச்சிமுகம்மது.

அந்த வார வியாழக்கிழமை நுணுக்குக்காட்டியில் உட்கார்ந்திருந்த புண்ணியமூர்த்தி எங்களைக் கூப்பிட்டார். பாண்டிருப்புக்காரர். முப்பது வருடமாக ஒரு கண்ணை மூடியே உலகத்தைப் பார்ப்பவர்.

"கச்சியார், உங்கட தெருவில பதினொரு பேருக்கு ஒரே நாளில குடல் வெடிச்சிருக்கா?"

மேசையில் மூடி திறந்த பதினொரு பேணிகள். பதினொன்றும் செக்கச் சிவப்பு. கொள்ளைநோய் என்று நினைத்தேன். பேராசிரியருக்குத் தந்தியடிக்க வேண்டும் என்றேன்.

"தந்திய விடுங்க தம்பி. ரத்தமெண்டா கறுத்து வரும், இல்லாட்டிச் சளியோட வரும். இது கறி" என்றார் புண்ணியமூர்த்தி. "பீட்றூட் கறி. ஆர்ட வீட்டில பீட்றூட்?"

நான்தான் பதில் சொன்னேன். அந்தத் தெருவில் மலையகத்து மரக்கறி ஏற்றும் லொறி ஒன்றுதான் உண்டு. அது மீராசாஹிபு முதலாளியுடையது. லொறி செவ்வாய்க்கிழமை வந்திருந்தது.

நான் பேணிகளைத் திருப்பிப் பெயர்களை வாசித்தேன். ஐந்தாவது அப்னா. கடைசிப் பேணியில் என் கையெழுத்தில் 'கச்சிமுகம்மது, 48' என்றிருந்தது. மார்கழியில் வட்டையில் அவருக்கும் மலேரியா வந்து அவரும் எங்கள் பதிவில் ஒரு நோயாளி என்பதை நான் மறந்தே போயிருந்தேன்.

"மச்சான், நீங்களுமா முதலாளிட வயித்துல?" என்றார் புண்ணியமூர்த்தி.

கச்சிமுகம்மது சட்டைப் பொத்தானைத் திருகினார். "அண்டைக்கு எனக்கு வரல்ல. வெறும் பேணி குடுக்கப்படாதெண்டு ஊருக்கெல்லாம் சொன்னவன் நாந்தானே."

முதலாளியைக் கடையில் கண்டு கேட்டேன். அவர் மறைக்கவில்லை. நோன்புக் காலத்தில் அரிசி கொடுப்பவர், வெள்ளத்தில் பாய் கொடுத்தவர். எப்போதும் செருப்போடு நடக்கும், ஓடு பதித்த மலசலகூடம் உள்ள, நல்ல சமிபாடுள்ள மனிதர்.

"தெருவில கொமருப் புள்ளைகள் வெக்கப்படுதுகள். எங்கட ஊட்டுல வந்து கேட்டாங்க. கேட்டு வந்தவங்கள வெறுங்கையோட அனுப்புற பழக்கம் எங்கட வாப்பா காலத்திலயும் இல்ல" என்றார். "கவுமெண்டுக்குப் போற சாமான் நல்லதா இரிக்க வேணாமா தம்பி?" பிறகு கொஞ்சம் கூச்சத்தோடு கேட்டார். "என்டத்துல ஒரு குறையும் இல்லையே?"

இல்லை என்றேன். அவர் முகம் மலர்ந்தது. எனக்கு ஒரு தேசிக்காய்ப் பானம் வரவழைத்தார்.

அட்டவணையின் விநோதம் அங்கேயே அவிழ்ந்தது. வெட்கமில்லாத சிறுபிள்ளைகளும் வயோதிபர்களும் தங்கள் புழுவைத் தாங்களே கொடுத்தார்கள். நோயும் வெட்கமும் சேர்ந்திருந்த வீடுகள் முதலாளியிடம் வாங்கிக் கொடுத்தன. இரத்தம் அவர்களுடையது, வயிறு அவருடையது. நான் நிறம் தீட்டிய கண்டுபிடிப்பு அதுதான்.

அன்று அஸர் தொழுகைக்குப் பின் புதிய பேணி ஒன்றோடு ஹாஜறாவின் வேலியடியில் நின்றோம். செய்தி எங்களுக்கு முன்பே வந்து சேர்ந்திருந்தது.

"அது முதலாளிட வயித்துப் பேப்பர், ராத்தா. புள்ளைட இல்ல" என்றார் கச்சிமுகம்மது. "ஒரேயொரு தரம் புள்ளைட பேணியத் தாங்க. கண்ணால கண்டா நீங்களே மருந்து குடுப்பீங்க."

"உங்கட பேப்பரும் அந்த வயிறுதானாமே?" என்றார் ஹாஜறா. "தெருவெல்லாம் சிரிக்கிது. பெரிய ஆம்புள, நீங்க குடுக்க வெக்கப்படுற சாமான என்ட கொமரு குடுக்கணுமா?"

நான் இடையில் புகுந்து, "ஐந்து தசம் நான்கு" என்றேன். வேலியில் இருந்த காகம்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

உள்ளே தறிச் சத்தம் நின்றது. "உம்மா, அவர் முதல்ல குடுக்கட்டும்" என்று அப்னாவின் குரல் வந்தது. குரலில் சிரிப்பு இருந்தது. ஆனால் அந்த நான்கு சொல்லுக்குள் அவளுக்கு இரண்டு தரம் மூச்சு வாங்கியது. அதைக் கேட்ட கச்சிமுகம்மது பேணியை வேலியடியில் வைத்துவிட்டுச் சைக்கிளைத் திருப்பினார்.

மறுநாள் காலை ஏழரை மணிக்கு, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும் நேரத்தில், அவர் என்னையும் கூட்டிக்கொண்டு அந்தத் தெருவுக்குள் வந்தார். பேணி பெட்டிக்குள் இல்லை. கைபிடியில், பாண் வாங்கப் போகிறவர் பை தொங்கவிடுவதுபோல நூலில் தொங்கியது. அதில் பெயரை அவரே தடித்த எழுத்தில் எழுதியிருந்தார். முதலாளியின் கடையைத் தாண்டும்போது மணியடித்தார். ஹாஜறாவின் வேலியடியில் இறங்கி, பேணியை உயர்த்திப் பிடித்தார்.

"இந்தா, என்ட. பட்டதாரி சாட்சி."

எதிர்வீட்டில் யாரோ சிரித்தார்கள். ஹாஜறா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு உள்ளே போய், நாங்கள் கொடுத்திருந்த பேணியோடு திரும்பி வந்தார். வேலிக்கு மேலால் நீட்டினார்.

"இண்டைக்கு இல்ல" என்றார், தலையைக் குனிந்தபடி.

கச்சிமுகம்மது மூடியைத் திறந்தார். சுத்தமான வெறும் பேணி. கவிழ்த்துப் பார்த்தார். மறுபடி மூடி, நிறைந்த பேணிகளை வைப்பதிலும் பார்க்கக் கவனமாகப் பெட்டிக்குள் வைத்தார். "எழுதுங்க தம்பி. வெறும் பேணி ஒண்டு."

என் படிவத்தில் அதற்குக் கட்டம் இருக்கவில்லை. ஓரத்தில் எழுதினேன்.

மூன்றாம் நாள், அந்த வீட்டுக்கு மறுபடி கொடுத்த பேணி நிறைந்து வந்தது. புண்ணியமூர்த்தி நெடுநேரம் குனிந்திருந்தார். "கச்சியார், உங்களிலயும் புள்ளையிலயும் கொழுக்கிப்புழு முட்டை. எண்ணி முடிக்க எனக்கு ரெண்டு தேத்தண்ணி ஆறிப் போச்சு" என்றார். கச்சிமுகம்மது ஹாஜறாவைக் கூட்டிவந்து நுணுக்குக்காட்டிக்குள் பார்க்க வைத்தார். அவர் பார்த்தார். நிமிர்ந்தபோது கண் கலங்கியிருந்தது. மருந்தை வாங்கிக்கொண்டார், இரும்புச்சத்து மாத்திரையையும் வாங்கிக்கொண்டார். ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்: மாப்பிள்ளை வீட்டாரிடம் இருக்கும் பழைய பேப்பரை நாங்கள் திருப்பிக் கேட்கக்கூடாது. அது இன்னும் அங்கேதான் இருக்கிறது.

பேராசிரியருக்கு எல்லாவற்றையும் எழுதினேன். அவர் உடனே பதில் போட்டார். சிவந்த பதினொரு பேணிகளையும் உணவினால் ஏற்பட்ட குழப்பம் என்று நீக்கிவிடும்படி சொன்னார். மற்ற நாட்களின் பேணிகளும் இப்படித்தான் என்று மறுபடி எழுதினேன். ஆதாரம் கேட்டார். முதலாளி வீட்டில் பீட்றூட் சமைக்காத நாட்களுக்கு என்னிடம் ஆதாரம் இல்லை. மூன்றாவது கடிதத்தை எழுதினேன், தபாலில் போடவில்லை. அவர் எனக்குத் தருவதாகச் சொன்ன சேவைச் சான்றிதழ் அப்போது வந்திருக்கவில்லை. அறிக்கை அச்சாகிவிட்டது. நன்றி கூறும் பக்கத்தில் என் பெயர் சரியான எழுத்துக்களோடு இருக்கிறது. கச்சிமுகம்மதுவின் பெயர் இல்லை. அவருடைய நியமனம் பற்றிய கடிதமும் எழுதப்படவில்லை. உம்மா அந்தப் பக்கத்தைச் சட்டம் போடச் சொல்கிறார். நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிக்கொண்டு வருகிறேன்.

கச்சிமுகம்மதுவிடம் அறிக்கையைக் காட்டினேன். அட்டையைத் தடவிப் பார்த்து, "நல்ல தாள்" என்றார். பிறகு பழைய கேள்வியைக் கேட்டார். "அந்தப் புள்ளைட எண் எத்தின?"

ஐந்து வாரம் கழித்து எடுத்தோம். எட்டு தசம் இரண்டு. நான் எண்ணைச் சொன்னேன். அவருக்கு அது போதவில்லை. வேலிக்கு வெளியே, நான்கு முழத் தூரத்தில் போய் நின்றார்.

"இழுத்துப் புடிங்க புள்ள."

அப்னா கீழிமையை இழுத்துக் காட்டினாள். அவர் தலையைச் சரித்து நெடுநேரம் பார்த்தார்.

"ஜம்பு" என்றார். குரல் தாழவில்லை. "கொய்யாக்குப் போற வழியில நிக்கிது."

"சரி" என்றாள் அவள், கையை எடுத்துவிட்டு. "இப்ப நீங்க காட்டுங்க."

பத்தொன்பது வருடத்தில் அவரிடம் யாரும் அதைக் கேட்டிருக்கவில்லைபோலும். என்னைப் பார்த்தார். முதலாளியின் கடைப்பக்கம் பார்த்தார். பின்பு சைக்கிளைத் தாங்கியில் நிறுத்தி, தொப்பியைக் கழற்றிப் பொக்கெட்டில் வைத்து, நகராமல் அந்த நான்கு முழத் தூரத்திலேயே நின்றபடி, இரண்டு பெருவிரல்களாலும் தன் இரண்டு கீழிமைகளையும் இழுத்துப் பிடித்துக்கொண்டு, அவள் பழத்தைச் சொல்லும் வரைக்கும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.